மேல்சரிவுக் கணக்கு

— நாற்காலி வேணாம்க்கா, கட்டில்லயே உட்காரு. கால் இருந்த இடம் சும்மாதான் கிடக்கு.

— விளையாடாதேடா.

— விளையாடல. பேப்பர், சீப்பு, தண்ணி பாட்டில் எல்லாம் நான் அங்கதான் வெச்சுக்கிறேன். நர்ஸம்மா வந்து வந்து திட்டிட்டுப் போறாங்க. ஒரு விதத்துல நல்லதுதான், நகம் வெட்டுற வேலை பாதியாயிடுச்சு.

— டேய்!

— சரி, சரி. அழாதே. வந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல. டாக்டர் பார்த்தா உனக்குத்தான் என்னமோ வியாதின்னு பக்கத்து பெட்ல படுக்க வெச்சிடுவாரு. அந்தப் பழத்தை எடு, உரிச்சுக் கொடு. நீ உரிச்சா நார் இல்லாம இருக்கும்.

— வலிக்குதாடா?

— மாத்திரை போட்டா வலிக்கல. மாத்திரை போடலைன்னா இல்லாத கால்தான் வலிக்குது. இருக்கிற கால் பரம சாது. அதை விடு. நீ ஏன் இப்படி ஆயிட்ட? கழுத்து எலும்பெல்லாம் தெரியுது. சாப்பிடறியா இல்லையா?

— சாப்பிடறேன்.

— எங்க சாப்பிடற? ஆபீஸ்ல ஒரு காபியைக் குடிச்சிட்டு, வீட்டுக்கு வந்து படுத்துடுவே, எனக்குத் தெரியாதா? மாமா ஒண்ணும் சொல்றதில்லையா?

— அவர் இதோட மூணு தடவை வந்தாராமே.

— வந்தாரு. நல்ல மனுஷன். என்ன பேசறதுன்னு தெரியாம ஃபேன் எத்தனை ஸ்பீடுல சுத்துதுன்னு பேசிட்டுப் போனாரு. உனக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலைன்னாரு. நானும் அதைத்தான் வீட்டுல சொல்லி வெச்சேன். ஆனா என் பொண்டாட்டி நம்பல பாரு. ‘ரோட்டுல போறவன்கூட எட்டிப் பார்த்துட்டுப் போறான், கூடப் பொறந்தவங்களுக்கு வழி தெரியலையா’ன்னு ஒரே பாட்டு.

— அவ சொல்றது சரிதான்.

— அட விடுக்கா. அவளுக்குக் கோவம் பால் மாதிரி, பொங்கும், அடங்கிடும். இப்ப வருவா, மில்லுக்குப் போயிருக்கா. வந்து நாலு வார்த்தை எடக்கா பேசினா நீ காதுல வாங்காதே.

— தம்பி, அவ வர்றதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு. முதல்ல பழம்.

— எப்படிடா ஆச்சு? உன் வாயால கேட்கணும். மாமா சொன்னாரு, பேப்பர்லயும் ஒரு ஓரமா நாலு வரி போட்டிருந்தான். ஆனா நீ சொல்லு.

— என்ன இருக்கு சொல்ல? மேல்சரிவுல ஒரு பெரிய மரம். அதை ஒழுங்காத்தான் சாய்ச்சோம், எங்க விழணும்னு நினைச்சோமோ அங்கயே விழுந்துச்சு. கிளையெல்லாம் கழிச்சு, துண்டு போட்டு, கீழ உருளாம இருக்க முட்டுக் கொடுத்து வெச்சோம். நான் கீழ்ப்பக்கம் நின்னு, கட்டையை இழுக்கக் கம்பி மாட்டிட்டிருந்தேன். மழை பெஞ்ச மண்ணு, முட்டுக் கட்டையோட சேர்ந்து வழுக்கிடுச்சு. எங்க குழுவுல நெட்டைன்னு ஒருத்தன், அவன் மேலேர்ந்து கத்தினான். எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத் திரும்பினேன் பாரு, அதுதான் தப்பு. திரும்பாம குதிச்சிருக்கணும். நிக்கிற மரம் என்னை ஒண்ணும் பண்ணல. அறுத்துப் போட்ட கட்டைதான் பண்ணிடுச்சு.

— மழையில ஏன்டா மேல ஏறினீங்க? வழக்கமா மழைக்காலத்துல கீழ்க்காட்டுலதானே வேலை?

— இந்த வருஷம்தான் மேல்சரிவுக்கு அனுமதி கிடைச்சுச்சே. கீழ எங்களுக்கு இனிமே அறுக்க என்ன இருக்கு? மில்லுல புது அறுவை லைன் போட்டுட்டாங்க, அதுக்குத் தீனி போடணும்ல. முதலாளி மேஸ்திரியை முடுக்கினாரு, மேஸ்திரி எங்களை முடுக்கினாரு.

— யாருமே வேணாம்னு சொல்லலையா?

— ஏன் சொல்லாம? நெட்டை சொன்னான். ‘மண்ணு சோறு மாதிரி குழைஞ்சு கிடக்கு, ஒரு வாரம் வெயில் காயட்டும்’னான். எல்லாரும் அவன் பக்கம். மேஸ்திரி கேன்டீன் வாசல்ல நின்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினாரு, ஒருத்தன் எழுந்திருக்கல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, போனோம்.

— யாரும் எழுந்திருக்கலைன்னு சொன்னியே. எப்படிப் போனீங்க?

— அது இப்ப எதுக்குக்கா?

— சொல்லுடா.

— நான்தான் முதல்ல எழுந்தேன்.

— ஏன்?

— ஏன்னா... உன்னாலதான். முறைக்காதே, நல்ல விதமாத்தான் சொல்றேன். அதுக்குச் சில மாசம் முன்னாடி கேன்டீன் டிவில அமைச்சர் பேசினாருல்ல, மரம் வெட்டிப் பலகையாக்கினா காத்துக்கு நல்லது, நாட்டுக்கு நல்லதுன்னு? அவருக்குப் பின்னால பச்சைச் சேலை கட்டிட்டு ஃபைலும் கையுமா நீ நின்னே. நான் தட்டைக் கீழ வெச்சிட்டுக் கத்திட்டேன், ‘டேய், எங்க அக்காடா!’ன்னு. அன்னையிலேர்ந்து எனக்கு அங்க ஒரே மவுசு. அதனால அன்னைக்கு எல்லாரும் பேசாம உட்கார்ந்திருந்தப்ப நான் எழுந்து நின்னு, ‘எங்க அக்கா கணக்குப் போட்டுக் கொடுத்த இடம்டா, தப்பா இருக்குமா? வாங்கடா’ன்னேன். சிரிச்சாங்க. சிரிச்சிட்டே எழுந்து வந்தாங்க... அக்கா? அக்கா, பழத்தைப் பிழியற பாரு. சாறு பூரா போர்வையில.

— என் கணக்குல மண்ணு இல்லடா. மழை இல்ல. நீ இல்ல.

— அது எப்படி இருக்கும்? நீ ஆபீஸ்ல உட்கார்ந்து பார்க்கிறவ. துடை, முதல்ல துடை. நர்ஸம்மா வந்தா என்னைத்தான் பிடிப்பாங்க.

— தம்பி, அந்தக் கணக்கு என்னன்னு உனக்குத் தெரியுமா?

— முழுசாத் தெரியாது. கேட்கிறவங்ககிட்ட தெரிஞ்ச மாதிரி பேசுவேன்.

— சொல்றேன், கேளு. மரம் வளரும்போது காத்துல இருக்கிற கரியை உறிஞ்சி உள்ள வெச்சுக்குது. எரிச்சாலோ மக்கினாலோ அது திரும்ப வானத்துக்குப் போயிடும். முன்னாடியெல்லாம் மரத்தை வெட்டினாலே அன்னைக்கே எல்லாம் போச்சுன்னு எழுதிடுவாங்க. இப்ப அப்படி இல்ல. வெட்டின மரம் கதவா, உத்தரமா, அலமாரியா இருக்கிற வரைக்கும் கரி அதுக்குள்ளதானே இருக்கு? அதை நாட்டுக்கு வரவு வெச்சுக்கலாம்னு விதி வந்திருக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஆயுசு. பலகைன்னா முப்பத்தஞ்சு வருஷத்துல பாதி போயிடும்னு வெச்சுக்கிறோம். ஒட்டுப்பலகைக்கு இருபத்தஞ்சு. காகிதத்துக்கு ரெண்டே வருஷம்.

— காகிதத்துக்கு ரெண்டு வருஷமா? உங்க ஆபீஸ் ஃபைலைக் கேட்டா சிரிக்கும். அப்பா பென்ஷன் மனு அவருக்கு அப்புறமும் உயிரோட சுத்திட்டிருந்துச்சே.

— கேளுடா.

— கேட்டுட்டுத்தான் இருக்கேன். மனுஷன் காலுக்கு எத்தனை வருஷம் போட்டிருக்கீங்க? சும்மா சொன்னேன்க்கா. சொல்லு.

— மேல்சரிவுல மரங்கள் நின்னா இவ்வளவு கரி. வெட்டிப் பலகையாக்கி, அங்க புதுக்கன்னு நட்டா இவ்வளவு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். வெட்டுறதுதான் லாபம்னு வந்துச்சு. அதை வெச்சுத்தான் அனுமதி. அதை வெச்சுத்தான் உங்க மில்லுக்குப் புது லைன் போட உதவி, மரவீட்டுத் திட்டம், அமைச்சர் டிவில பேசினது, எல்லாம்.

— நல்ல விஷயம்தானே?

— அந்த எண்ணு தப்புடா.

— என்ன தப்பு?

— மில்லுக்குள்ள ஒரு கட்டை போகுது. அதுல எவ்வளவு பலகையா வெளிய வரும்?

— பாதி வந்தா அதிகம். பட்டை, சீவல், ஓரம், தூளு, எல்லாம் பாய்லருக்குத்தான் போகும்.

— நாங்க முழுசும் பலகையா வருதுன்னு போட்டுட்டோம். மில்லுல வாங்கின கட்டையோட அளவை அறுத்த பலகையோட இடத்துல சேர்த்துட்டாங்க. என் மேஜைக்கு வந்து என் கையெழுத்தோட போச்சு. அன்னைக்கே புகையாப் போற பாதியை முப்பத்தஞ்சு வருஷம் இருக்கும்னு எழுதியிருக்கேன். சரியாப் போட்டா வெட்டுறது லாபம் இல்ல, நஷ்டம். மேல்சரிவைத் தொட்டிருக்கவே கூடாது.

— ஓ.

— ம்.

— சரி, தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். பெரிய கணக்கு, ஆயிரம் எண்ணு. நீயென்ன வேணும்னா பண்ண? இப்பதான் தெரிஞ்சுதா?

— இல்ல.

— என்ன இல்ல?

— வெயில் காலத்துலயே தெரியும்.

— எந்த வெயில் காலம்?

— இந்த வருஷம்தான்டா.

— நான் மேல ஏறினது மழையில.

— ஆமா.

— அப்போ...

— ஆமாடா.

— அந்தத் தண்ணி பாட்டிலை எடு.

— இந்தா. மெதுவா. நான் பிடிக்கட்டுமா?

— வேணாம். கை இருக்கு.

— டைரக்டர்கிட்ட அன்னைக்கே சொன்னேன். அறிவிச்சாச்சு, அமைச்சர் ஊரெல்லாம் பேசிட்டாரு, இப்ப மாத்தினா மானம் போயிடும், அடுத்த வருஷம் எல்லா எண்ணையும் திருத்தற நேரத்துல சத்தமில்லாம இதையும் சேர்த்துடலாம்னாரு. நான் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். காகிதத்துல இருக்கிற தப்புதானே, ஒரு வருஷத்துல என்ன ஆயிடப் போகுதுன்னு...

— ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா. ‘மேல ஏறாதேடா’ன்னு ஒரு வார்த்தை. தினம் சாயங்காலம் அரை மணி நேரம் பேசறோம். என்ன சாப்பிட்டே, தலைக்கு எண்ணெய் வெச்சியா, எல்லாம் கேட்கிற. அதுக்கு நடுவுல ஒரு வார்த்தை.

— நீ கீழ்க்காட்டுலதான் இருக்கேன்னு நினைச்சேன். சத்தியமா. நீ மேல போவேன்னு எனக்குத் தோணவே இல்ல.

— நான் இல்லாம நெட்டை போயிருந்தா பரவாயில்லையா? அவனுக்கும் ஒரு அக்கா இருக்கா. மார்க்கெட்டுல பூச்செடி விக்கிறா.

— அதைத்தான்டா ராவும் பகலும் கேட்டுட்டிருக்கேன். உன் கால் போனதாலதான் எனக்கு உறைச்சுதா? வேற எவன் காலாவது போயிருந்தா பேப்பர்ல நாலு வரி படிச்சிட்டு, ‘ஐயோ பாவம்’னு மடிச்சு வெச்சிட்டுத் தூங்கியிருப்பேனா? தூங்கியிருப்பேன்னுதான் நினைக்கிறேன். அது தெரிஞ்சதுலேர்ந்து கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்க முடியல. நீ வேணா திட்டு. கையில கிடைக்கிறதை எடுத்து அடி.

— அடிக்க எழுந்திருக்கணும்ல.

— ஜன்னலைச் சாத்தட்டுமா? லாரி சத்தம்...

— வேணாம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பக்கத்து பெட்காரரு லாரி டிரைவர். கண்ணை மூடிட்டே இது காலி வண்டி, இது லோடு வண்டின்னு சொல்லுவாரு. ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ...அக்கா.

— சொல்லுடா.

— உன் மேல கோவம் வருது. பொய் சொல்ல மாட்டேன், வருது. ஆனா வந்து நிக்க மாட்டேங்குது. நான் ஏழாங்கிளாஸ்ல ஃபெயிலானப்ப அப்பாகிட்ட அடி வாங்காம காப்பாத்தினவ நீ. என்னைப் படிக்க வைக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்கு ஏறல, ரம்பத்தைத் தூக்கிட்டுப் போயிட்டேன். அதுக்கும் நீ அழுத. இப்ப நான் எழுந்திரிச்சு உன்னைத் திட்டி, நீ தலையைக் குனிஞ்சு... என்னத்துக்கு? கால் முளைச்சிடுமா?

— மன்னிச்சிடுன்னு கேட்கக்கூட எனக்கு வாய் வரல.

— கேட்காதே. கேட்டா நான் அழுதுடுவேன், அப்புறம் அந்த நர்ஸம்மா ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாங்க. நானும் யோக்கியன் இல்ல. ‘எழுந்திரிங்கடா’ன்னு கூப்பிட்டது நான்தானே. நெட்டை மேல நிக்காம என் பக்கத்துல நின்னிருந்தா இப்ப அவன் பொணம். அந்தப் பயம் எனக்குள்ளயும் உட்கார்ந்திருக்கு. அவன் பார்க்க வர்றப்ப நான் தூங்கற மாதிரி நடிக்கிறேன் தெரியுமா? நீ வராம இருந்ததுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

— நீ அவனைக் கூப்பிட்டது என்னை நம்பி.

— சரி, விடு. போச்சு. இனிமே ஆக வேண்டியதைப் பேசுவோம். உனக்கு ஒரு நல்ல சேதி சொல்லணும்னு இருந்தேன், நீ வந்ததும் வராததுமா இதை எடுத்துட்ட. முதலாளி போன வாரம் இங்கயே வந்தாரு. இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தாரு. புது லைன்ல பலகை தரம் பிரிக்கிற வேலை எனக்குன்னு சொல்லிட்டாரு. உட்கார்ந்தே பார்க்கிற வேலை. கணு இருக்கா, வெடிப்பு இருக்கான்னு பார்த்து ஒதுக்கணும். செயற்கைக்கால் வர்றதுக்கு முன்னாடியே சேர்ந்துடலாம்.

— புது லைன்லயா?

— ஆமா. பழைய லைன்ல எல்லாம் நின்னுட்டுச் செய்யற வேலைதான், எனக்கு ஆகாது. அப்புறம் குவார்ட்டர்ஸ். வேலை பார்க்கிற ஆளுக்குத்தான் வீடு. நான் படுத்துட்டேன்னதும் மேனேஜர் மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லியிருந்தான். இப்ப அந்தப் பேச்சே இல்ல. அவளுக்கும் உலர்த்தற கூடத்துல ஒரு வேலை போட்டுத் தர்றேன்னிருக்காரு. அதைக் கேட்கத்தான் இப்ப போயிருக்கா. ஏன் இப்படிப் பார்க்கிற?

— தம்பி... அந்த எண்ணைத் திருத்தினா என்ன ஆகும்னு நினைக்கிற?

— எந்த எண்ணை?

— பலகை எண்ணை.

— திருத்தினா... இரு. மேல்சரிவு அனுமதி அதை வெச்சுத்தானே கொடுத்தது?

— ஆமா.

— அப்போ அனுமதி போயிடும்.

— ம்.

— புது லைனுக்குக் கட்டை வராது. கவர்மென்ட் உதவியும் நின்னுடும். நிறுத்திடுவாங்க.

— ம்.

— அக்கா, அதைத் தொடாதே.

— மழை இன்னும் விடலடா. அடுத்த குழு மேல ஏறக் காத்துட்டிருக்கு.

— கட்டையைப் பார்த்து முட்டுக் கொடுக்கச் சொல்றேன். நெட்டைகிட்ட நான் பேசறேன். இனிமே எவனும் கீழ்ப்பக்கம் நிக்க மாட்டான், என் காலைப் பார்த்தப்புறம் நிப்பானா? நீ அதைத் தொடாதே. டைரக்டரே அடுத்த வருஷம்னு சொல்லிட்டாருல்ல?

— ஒரு வருஷத்துல மேல்சரிவு மொட்டையாயிடும்.

— ஆகட்டுமே. எனக்கென்ன, எனக்கும் மரத்துமேல பாசம்தான், உன்னைவிட அதிகமா பார்த்தவன். ஆனா மரத்துக்கு வீட்டு வாடகை இல்ல. எனக்கு இருக்கிற மாதிரி ஸ்கூலுக்குப் போற பொண்ணு இல்ல. திருத்தினா உன் வேலை நிக்குமா?

— தெரியல. டைரக்டரை மீறித்தான் அனுப்பணும். நிக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

— பார்த்தியா? உனக்கும் வேலை போகும், எனக்கும் போகும், அவளுக்கும் போகும். அந்தப் புது லைனை நம்பி எத்தனை குடும்பம் மூட்டையைக் கட்டிட்டு வந்திருக்கு தெரியுமா? யாருக்குக்கா லாபம்?

— வானத்துக்குப் போறது போயிட்டுத்தான்டா இருக்கு. நான் பொய் எழுதினதால அது பலகைக்குள்ள உட்கார்ந்துக்கலையே.

— வானம் என்னைப் பார்க்க வரல. முதலாளி வந்தாரு. கோவிச்சுக்காதே. பயத்துல பேசறேன். அக்கா, நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. நீயாத்தான் செஞ்ச. இப்ப கேட்கிறேன். கால் போனதுக்கு உன்னை ஒரு நாளும் ஒரு சொல் சொல்ல மாட்டேன், அவகிட்டயும் மூச்சு விட மாட்டேன். இதை மட்டும் அப்படியே விட்டுடு. விடறேன்னு சொல்லு.

— தம்பி, நான்...

— சத்தம் போடாதே, அவ வர்றா. செருப்புச் சத்தம். கண்ணைத் துடை. அவகிட்ட ஒண்ணும் தெரிய வேணாம்.

— அடேயப்பா! யாரு இது? அண்ணி, வாங்க. வழி கண்டுபிடிச்சு வந்துட்டீங்களா? யாரையும் கேட்க வேண்டியிருந்துச்சோ?

— வந்ததும் ஆரம்பிக்காதே. அக்கா இப்பதான் வந்தா.

— நான் என்னங்க சொன்னேன்? வழிதானே கேட்டேன். உட்காருங்க அண்ணி, ஏன் எழுந்திரிக்கிறீங்க? முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு. அழுதீங்களா? இவரு என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லலம்மா. நான்தான்... பார்த்ததும் தாங்க முடியல.

— எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்துச்சு. நான் கதவுகிட்டயே உட்கார்ந்துட்டேன். அப்புறம் இவரு போர்வைக்கடியில கட்டை விரலைத் தேடற மாதிரி தேடி, ‘கொஞ்சம் எடுத்துக் கொடேன்’னாரு. கோவத்துல அழுகை நின்னுடுச்சு. இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு ஒழுங்கா அழக்கூட முடியாது.

— நீ போன காரியத்தைச் சொல்லு.

— சொல்லத்தானே ஓடி வர்றேன்! மாடிப்படி ஏறி மூச்சு வாங்குது, லிஃப்ட் வேலை செய்யல. கிடைச்சிடுச்சுங்க. நிரந்தர வேலை. முதலாளியே கூப்பிட்டு உட்கார வெச்சுச் சொன்னாரு. பலகையைச் சூட்டுல காய வைக்கிற கூடம், நான் மீட்டர் பார்த்துச் சொல்லணும், ஈரம் எவ்வளவு இருக்குன்னு. ரெண்டு நாள் சொல்லித் தருவாங்களாம். வீடு நம்ம பேர்லயே இருக்கும். இனி யாரும் வந்து காலி பண்ணுன்னு கேட்க முடியாது.

— கேட்டியாக்கா?

— கேட்டேன்.

— அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா நினைக்காதீங்க. நீங்க வரலைன்னு நான் நிறைய பேசிட்டேன். இவருகிட்ட மட்டும் இல்ல, வார்டு பூராவும். பெரிய ஆபீஸ்ல இருக்காங்க, நம்மளை மறந்துட்டாங்கன்னு.

— நீ பேசினதுல ஒண்ணும் தப்பில்லம்மா.

— இருங்க, முடிக்கிறேன். இன்னைக்கு முதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? ‘உன் நாத்தனார் போட்டுக் கொடுத்த கணக்காலதான்மா இந்தப் புது லைனே வந்துச்சு. அவங்க வீட்டுக்காரங்களை நான் நடுத்தெருவுல விட மாட்டேன்’னாரு. அங்க நின்னுட்டு இருக்கப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீங்க இங்க வந்து உட்காரலையே தவிர, அங்கேர்ந்தே எங்களுக்கு ஒரு வீட்டைக் காப்பாத்திக் கொடுத்திருக்கீங்க. நான் அது தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க அண்ணி.

— ஐயோ, என்கிட்ட அப்படிச் சொல்லாதேம்மா. கையை விடு. என் கையைப் பிடிக்காதே.

— ஏன் அண்ணி? கையை ஏன் உருவிக்கிறீங்க? ஏங்க, அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?

— ஒண்ணுமில்ல. அக்காவுக்குச் சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. ஆபீஸ் தொல்லை. ஒரு கணக்கை மாத்தறதா வேணாமான்னு மண்டையைப் போட்டு உடைச்சிட்டிருக்கா. நான் வேணாம்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு. இல்லக்கா?

— எந்தக் கணக்கு?

— அது நமக்குப் புரியாது. நீ அந்தப் பழத்தைச் சாப்பிடு. அக்கா, சொல்லிடு, எனக்கு மனசு ஆறும். அப்படியே விட்டுடறேன்னு இவ முன்னால ஒரு வார்த்தை சொல்லு. ஏன் கடிகாரத்தைப் பார்க்கிற? இன்னும் பார்வை நேரம் முடியல.

— இருங்க, என் போன் அடிக்குது. இந்தப் பைக்குள்ள போட்டா கைக்கே சிக்காது... மில்லு நம்பர்! இப்பதானே பேசிட்டு வந்தேன். என்னைக்கு வந்து சேரணும்னு சொல்லத்தான் இருக்கும். எடுத்துப் பேசிட்டு வந்துடறேன் அண்ணி.

— எடுக்காதேம்மா, அவங்க சொல்லப் போறதை நான்தான் முதல்ல சொல்லணும்... அந்தக் கணக்கை நேத்து காலையிலயே திருத்தி அனுப்பிட்டேன்டா.